லுணுகங்க: ஒரு தோட்டத்தின் வரலாறும் அதன் தாழ்ந்த பாதையும்

ஈழத்துத் தமிழிலே ‘தோட்டம்’ என்னும் சொல் ஒரு பொருள் குறித்த சொல்லன்று. யாழ்ப்பாணத்து விவசாயி தோட்டம் என்று கூறுங்கால், செம்மண் நிலத்திற் கிணற்றுநீர் இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் சிறு துண்டு நிலத்தையே கருதுவான். மலையகத் தொழிலாளிக்கோ அது தேயிலை மலையும் லயமும் பிரட்டுக்களமும் கங்காணியும் துரை பங்களாவும் சேர்ந்த முழு உலகமாகும். அவன் பிறப்பதும் உழைப்பதும் இறப்பதும் தோட்டத்திலேயே. மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. பார்ப்பதற்காகவும் உலாவுவதற்காகவுமே ஆக்கப்பட்ட நிலம் என்பதே அது. முதலிரு பொருள்களும் உழைப்பைச் சுட்டுவன. மூன்றாவது ஓய்வைச் சுட்டுவது. மூன்றும் எவ்வாறு ஒரு சொல்லுக்குள் அடங்கின என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். ஆயின் இம்மூன்றும் ஒரே நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதை நேரிற் காண விரும்புவோர் பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்க என்னும் இடத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

வரலாறு கற்கும் மாணவர் சிலரோடு அங்கு சென்றபோது, அட்டன் பகுதியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் நுழைவாயிலைக் கடந்து சிறிது தூரம் நடந்ததும் என்னை நோக்கி, “சேர், இதுவும் தோட்டந்தானா?” என்று வினவினார். ஏனையோர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. அவ்வினாவுக்கு அன்று யான் கூறிய விடை போதிய விடையன்று. இக்கட்டுரை அக்குறையை ஓரளவேனும் நிறைவு செய்யும் முயற்சியாகும்.

காலி வீதியிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் செல்லும் சிறு வீதிகளூடாக லுணுகங்கவை அடையலாம். பெந்தோட்டை ஆற்றோடு தொடர்புடைய தெத்துவ வாவிக்குள் நீண்டு நிற்கும் நிலமுனை ஒன்றிலே, இரண்டு தாழ்ந்த குன்றுகளையும் அவற்றிடைப்பட்ட பள்ளத்தையும் கரையோரச் சதுப்பையும் உள்ளடக்கி, ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் இத்தோட்டம் அமைந்துள்ளது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) ஐம்பது ஆண்டுகளாக உருவாக்கிய நாட்டுப்புற இல்லமும் அதனைச் சூழ்ந்த பூங்காவும் இவை. லுணுகங்க என்ற சிங்களப் பெயருக்கு உப்பாறு என்று பொருள். அவரது மறைவுக்குப் பின்னர் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்துவரும் இவ்விடத்தை இன்று கட்டணஞ் செலுத்தி எவரும் பார்வையிடலாம்.

இந்நிலம் முன்னர் ஒல்லாந்தரின் கறுவாத் தோட்டமாயிருந்தது என்றும், பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் இறப்பர்த் தோட்டமாயிற்று என்றும் கூறுவர். ஒல்லாந்தர் காலத்தைப் பதினேழாம் நூற்றாண்டு என்றே குறிப்பாரும் உளர். இவ்விடத்தில் வரலாற்று மாணவன் சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். 1656இற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கறுவாவைப் பயிரிடவில்லை, காட்டிலிருந்தே பெற்றது. தென்மேற்குத் தாழ்நிலக் காடுகளிலும் கண்டி அரசின் எல்லைக்குட்பட்ட காடுகளிலும் இயற்கையாக வளர்ந்த மரங்களைத் தேடிச் சென்று பட்டை உரித்து வருவதே முறையாயிருந்தது. பயிரிட்ட கறுவா காட்டுக் கறுவாவுக்கு ஈடாகாது என்ற நம்பிக்கையும் அன்று நிலவிற்று. கண்டியுடன் ஏற்பட்ட போரும் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையும் உள்நாட்டுக் காடுகளை நம்பியிருப்பதன் ஆபத்தைக் கம்பனிக்கு உணர்த்தின. ஆளுநர் பல்க்கின் காலத்திலே, 1769இற் கொழும்பு மருதானைப் பகுதியிற் கறுவாப் பயிர்ச்செய்கை முறையாகத் தொடங்கப்பட்டது. கொழும்பிலே கறுவாத்தோட்டம் என இன்றும் வழங்கும் பகுதி அம்முயற்சியின் எச்சமே. பல்கலைக்கழகமும் அரும்பொருளகமும் செல்வர் மாளிகைகளும் நிற்கும் அந்நிலத்தின் பெயரில் மட்டுமே இன்று கறுவா மணக்கின்றது. ஆகவே லுணுகங்க நிலம் ஒல்லாந்தரின் கறுவாத் தோட்டமாயிருந்தது என்பது உண்மையாயின், அது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக் காற்கூற்றைச் சார்ந்ததாகவே இருத்தல் வேண்டும். பழமை கூடினாற் பெருமை கூடும் என்ற எண்ணம் நம் ஊர்க் கோயில்களின் தலவரலாறுகளில் மட்டும் காணப்படுவதன்று போலும்.

காலக் கணக்கினும் முக்கியமானது, அந்தக் கறுவாவை உரித்தோர் யாவர் என்பது. மகாபத்த என வழங்கிய கறுவாத் திணைக்களத்தின்கீழ்ச் சலாகம சாதியினர் பரம்பரை ஊழியமாக இத்தொழிலைச் செய்தனர். ஒல்லாந்த ஆவணங்கள் இவர்களைச் சாலியர் என்னும் பெயராற் சுட்டுகின்றன. தம் முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த நெசவாளர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. நெசவாளராய் வந்தோர் காட்டுக்கு அனுப்பப்பட்டு, சிறுவயதிலேயே பதியப்பட்டு, ஆண்டுதோறும் இத்துணை நிறைப் பட்டை கொண்டு வரவேண்டும் என்று விதிக்கப்பட்ட வரலாறு இத்தீவின் கட்டாய உழைப்பு வரலாற்றில் ஒரு நீண்ட அத்தியாயமாகும். கம்பனியின் அனுமதியின்றிக் கறுவா மரத்தை வெட்டியவனுக்கு மரணதண்டனை விதிக்கச் சட்டம் இருந்தது. மனிதனிலும் மரம் பெறுமதி மிக்கதாயிருந்த காலம் அது. 1760ஐ அண்டிக் கரையோர மாகாணங்களில் வெடித்த கிளர்ச்சியில் கறுவா உரிப்போருக்கும் பங்கிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1833ஆம் ஆண்டு கறுவாத் தனியுரிமை ஒழிக்கப்பட்ட பின்னர் அதன் பழைய மதிப்பு வீழ்ந்தது. லுணுகங்கவின் தென்குன்றை ‘கறுவாக் குன்று’ என்று பாவா அழைத்தார். பெயர் இனியது. அப்பெயரைக் கேட்டு அதனழகை வியப்போர் மகாபத்தவை நினைப்பது அரிது.

இறப்பரின் கதையை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. 1876இற் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து கனரத்கொடைக்கு வந்த நாற்றுக்களே ஆசியாவின் இறப்பர்ச் செய்கைக்கு வித்திட்டவற்றுள் அடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிச் சில்லுகள் பெருகவே, களுத்துறை, காலி மாவட்டங்களின் தாழ்ந்த குன்றுகள் இறப்பர் மரங்களால் மூடப்பட்டன. சிங்களக் கிராமத்தவரும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் இப்பிரதேசங்களிற் பால் வெட்டினர். ஒழுங்கான வரிசைகளில் நடப்பட்ட மரங்கள், அவற்றினிடையே விடியற்காலை வாளியும் கத்தியும் கொண்டு நடக்கும் மனிதர், குன்றின் உச்சியில் எல்லாவற்றையும் மேற்பார்வை செய்யத்தக்கதாக ஒரு பங்களா. இறப்பர்த் தோட்டம் என்பது இதுவே.

அத்தகைய பங்களா ஒன்றையும் அதனைச் சூழ்ந்த, கவனிப்பாரற்றுக் கிடந்த இறப்பர் நிலத்தையும் 1948ஆம் ஆண்டு ஜெப்ரி பாவா விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. அவர் கட்டடக் கலைஞரல்லர். கேம்பிரிட்ஜிற் கற்று, இலண்டனிற் சட்டம் பயின்று, கொழும்பிற் சிறிது காலம் வழக்கறிஞராயிருந்து, அத்தொழிலில் மனம் பற்றாது உலகஞ் சுற்றியவர். தந்தை வழியில் முஸ்லிம், ஐரோப்பியக் கலப்பும், தாய் வழியிற் பறங்கியர் தொடர்பும் கொண்ட செல்வக் குடும்பத்தினர். இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிட எண்ணியிருந்தார். அம்முயற்சி கைகூடாது போகவே இலங்கைக்கு மீண்டு, இத்தாலியிற் காணவிருந்த கனவைத் தெத்துவ வாவிக்கரையிற் காணத் தலைப்பட்டார். தோட்டத்தை மாற்றியமைக்க முற்பட்டபோது தமக்குத் தொழில்நுட்ப அறிவு போதாது என்பதை உணர்ந்தார். இவ்வுணர்வே அவரை மீண்டும் மாணவராக்கி இலண்டனுக்கு அனுப்பியது. 1957இல், முப்பத்தெட்டாம் வயதில், அவர் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். கட்டடக் கலைஞர் தோட்டம் அமைப்பது உலக வழக்கு. இங்குத் தோட்டமே கட்டடக் கலைஞரை அமைத்தது எனலாம்.

1948 என்னும் ஆண்டை அட்டன் மாணவர் எளிதிற் கடந்து செல்லமாட்டார். அவ்வாண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. இத்தாலியா, இங்கிலாந்தா, இலங்கையா என்று ஒருவர் தமக்குரிய மண்ணைத் தெரிந்துகொண்ட அதே ஆண்டில், நூறாண்டுக்கு மேலாக இம்மண்ணைத் திருத்திய ஒரு மக்கட் கூட்டத்துக்கு மண் மறுக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு என்று பங்கிட்டது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. பாவா காலமானதும் அதே ஆண்டு. இது தற்செயலான பொருத்தமே. இதிற் பாவாவின் குற்றம் ஏதுமில்லை. எனினும் ஒரு தோட்டம் நிறைவுபெற எடுத்த காலமும், தோட்டத்து மக்களின் உரிமை நிறைவுபெற எடுத்த காலமும் ஒத்திருப்பதை வரலாற்றைப் படிப்பவன் குறித்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

இனித் தோட்டத்துட் புகுவோம்.

இறப்பர் மரங்கள் வெட்டப்பட்டன. குன்றுகள் செதுக்கப்பட்டன, படித்தளங்கள் அமைக்கப்பட்டன, வேறு மரங்கள் நடப்பட்டன, காட்சி வழிகள் திறக்கப்பட்டன. 1950இற் கொரிய யுத்தத்தால் இறப்பர் விலை வானளாவ உயர்ந்ததும், 1952இற் சீனத்துடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டதும் நினைவுகொள்ளத்தக்கன. நாடு முழுவதும் இறப்பர்ப் பால் பொன்னாய் ஒழுகிய காலத்துக்குச் சற்று முன்பின்னாக ஒருவர் காட்சிக்காக இறப்பர் மரங்களை அகற்றுகிறார் என்றால், அவர் அந்நிலத்தின் விளைச்சலை நம்பி வாழாதவர் என்பது தெளிவு. இன்ப நுகர்ச்சிக்கான தோட்டம் எப்பொழுதும் வேறெங்கோ விளைந்த செல்வத்திலிருந்தே பிறக்கின்றது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஸ்டோர்ஹெட் தோட்டம் வங்கி நடத்திய ஹோர் குடும்பத்தின் செல்வத்திற் பிறந்தது; இரண்டாம் ஹென்றி ஹோர் 1740களில் அங்கு ஏரியைச் சுற்றிக் கோயில்களை எழுப்பத் தொடங்கினார்.

வீட்டின் தென்புறத் தாழ்வாரத்தில் நின்று நோக்குவோருக்குத் தோன்றும் காட்சியே லுணுகங்கவின் உயிர்நிலை. கண் புற்றரையில் இறங்கி, எதிர்க் குன்றில் ஏறி, அதன் உச்சியிலுள்ள மகிழ மரத்தின்கீழ் வைக்கப்பட்ட பெரிய சீனச் சாடியிற் சற்றே தங்கி, அதற்கப்பால் வாவியின் நீர்ப்பரப்பைத் தொட்டு, தொலைவிலுள்ள விகாரை ஒன்றின் வெண்ணிறத் தாதுகோபத்திற் சென்று முடிகின்றது. சாடி பாவாவுக்குச் சொந்தம். வாவி எவருக்கும் சொந்தமில்லை. தாதுகோபம் ஊரவர் வழிபடும் இடம். மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தி, எல்லாம் ஒரே தோட்டம் என்ற மயக்கத்தை அவர் உண்டாக்கிவிட்டார். பிறர் நிலத்துக் காட்சியைக் கடன் வாங்கித் தன் தோட்டத்துள் அடக்கும் இவ்வுத்தி சீனத்திலும் யப்பானிலும் நெடுங்காலம் பயின்றுவந்தது. ஆங்கிலேயரும் அதனைத் தம் வழியிற் கண்டுபிடித்தனர். இக்காட்சியைக் கண்டபோது யான் வாயடைத்து நின்றேன் என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பின்வரும் விமரிசனங்கள் எவையும் அந்த நிமிடத்தை இல்லாததாக்கிவிடா.

ஆயின் அந்தப் புற்றரை இறங்கி மீண்டும் ஏறும் பள்ளத்திலே கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளது. இரு குன்றுகளுக்கும் இடையிற் பொதுப்பாதை ஒன்று ஓடுகின்றது. ஊரவர் நடப்பதற்கு உரிமையுடைய பாதை. அதனை மூட இயலாது. பாவா அதனை மூடவில்லை. அப்பாதை நிலமட்டத்துக்குக் கீழே, பக்கச் சுவரின் மறைவிற் செல்லுமாறு அமைத்தார். வீட்டிலிருந்து நோக்குவோனுக்குப் புல் மட்டுமே தெரியும்; பாதையும் தெரியாது, பாதையில் நடப்போரும் தெரியார்.

இவ்வுத்திக்கு ஆங்கிலத் தோட்டக்கலையில் ‘ஹா-ஹா’ என்று பெயர். வேலிக்குப் பதிலாக அகழி ஒன்றை வெட்டி, அதன் ஒருபுறத்தைச் சுவராக்கி, மறுபுறத்தைச் சரிவாக்கிவிடுவர். மாடுகள் தோட்டத்துள் ஏற முடியாது. ஆனால் மாளிகைச் சாளரத்திலிருந்து பார்க்கும் பிரபுவுக்குத் தன் புற்றரையும் மாடு மேயும் வெளியும் ஒரே விரிப்பாய்த் தோன்றும. எதிர்பாராது அகழியைக் காண்போர் எழுப்பும் வியப்பொலியே பெயராயிற்று என்று ஹொரேஸ் வால்போல் விளக்குகிறார். ஆங்கில நிலக்காட்சித் தோட்டத்தின் தோற்றத்துக்கே இதுதான் திறவுகோல் என்பதும் அவர் கருத்து. பிரிஜ்மன் பணியாற்றிய ஸ்டோ தோட்டம் இதற்குப் பேர்போனது. 1741 முதற் பத்தாண்டுகள் வரை அங்கு வேலை செய்த லான்சலட் பிரௌன் என்பவரே பின்னர் அந்நாட்டின் பெருந்தோட்டங்கள் பலவற்றை இவ்வழியில் மாற்றியமைத்தவர்.

ஸ்டோவிலே மறைக்கப்பட்டது வேலி மட்டுமன்று. அங்கிருந்த பழைய கிராமம் மறைந்தது. மத்தியகாலத் தேவாலயம் ஒன்றே மரங்களிடையே எஞ்சி நிற்கின்றது. மில்ற்றன் பிரபு தன் மாளிகைக்கு அருகிலிருந்த சிறு நகரத்தையே காட்சிக்கு இடையூறெனக் கருதி அகற்றி, சற்றுத் தூரத்தில் ஒரே மாதிரியான குடில்கள் வரிசையாக நிற்கும் புதிய கிராமம் ஒன்றை எழுப்பிய நிகழ்ச்சியும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததே. இன்று உல்லாசப் பயணிகள் அக்குடில் வரிசையையும் அழகென்று படம் பிடிக்கின்றனர். ஒலிவர் கோல்ட்ஸ்மித் ‘கைவிடப்பட்ட கிராமம்’ என்ற கவிதையை வெளியிட்டது 1770இல். நம் முன்னோர் ஆங்கிலக் கல்லூரிகளில் அதனை மனனஞ் செய்தனர். அதன் பின்னணியில் இருந்த நில அடைப்பைப் பற்றி அவர்களுக்கு எவரும் கற்பித்ததாகத் தெரியவில்லை. இறேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட ‘நாட்டுப்புறமும் நகரமும்’ என்ற நூலிலே, நிலக்காட்சி என்னும் கருத்தே உழைப்பவனிடமிருந்து பார்ப்பவன் பிரிந்து நிற்பதைக் குறிக்கின்றது என்று நிறுவுகிறார். அந்நூலைப் படித்த பின்னர் எந்தப் பெருந்தோட்டத்தையும் பழைய கண்ணாற் பார்க்க முடிவதில்லை.

லுணுகங்க ஸ்டோவன்று என்பதையும் உடனே கூறுதல் வேண்டும். அங்குப் பாதைகள் திசைதிருப்பப்பட்டன. இங்குப் பாதை இருந்த இடத்திலேயே இருந்தது. அங்கு மாட்டைத் தடுக்கும் அகழி. இங்கு மனிதரைத் தடுக்காத, ஆனாற் காட்டாத அகழி. இவ்வேறுபாடு சிறிதன்று. பொதுப்பாதை உரிமையை மதித்தார் என்று ஒருவர் வாதிக்கலாம். மதித்தார், பார்க்க விரும்பவில்லை என்று மற்றொருவர் வாதிக்கலாம். இரண்டும் உண்மையே என்பது என் துணிபு. துரை பங்களாவின் பார்வை தொழிலாளியைக் கண்காணிக்கும் பார்வை. அதே குன்றில் அதே பங்களாவில் அமர்ந்த பாவாவின் பார்வையோ எவரையும் கண்காணிக்கவில்லை. அதன் தேவை மனிதரற்ற வெளி. மேற்பார்வையிலிருந்து காட்சியின்பத்துக்கு நிகழ்ந்த இம்மாற்றமே இந்நிலத்தின் அண்மைக்கால வரலாறாகும்.

வடபுறத்துக் காட்சி வேறு வகையானது. வீட்டுத் தளத்திலிருந்து நிலம் செங்குத்தாக வாவியை நோக்கி இறங்குகின்றது. அங்குள்ள பழைய மரம் ஒன்றின் கிளைகளிற் பாரங்களைக் கட்டித் தொங்கவிட்டு, அவை பக்கவாட்டிற் பரந்து வளருமாறு பல ஆண்டுகள் பயிற்றினார் என்பர். சிங்களத்தில் அரலிய என்றும், கோயில் மரம் என்றும் வழங்கும் அம்மரத்துக்குத் தமிழிலே ஈழத்தலரி என்று பெயர். அதன் தாயகமோ அமெரிக்க வெப்பவலய நாடுகள். ஐரோப்பியர் வருகைக்குப் பின் இங்கு வந்த மரம் ஒன்று ஈழத்தின் பெயரையே தாங்கி, விகாரைக்கும் கோயிலுக்கும் உரிய மலராகிவிட்ட விந்தையை நோக்கும்போது, யார் இம்மண்ணுக்குரியவர், யார் வந்தேறியவர் என்ற வாதங்கள் சற்றே நகைப்புக்குரியனவாய்த் தோன்றுகின்றன.

கீழே நீர்த்தோட்டமும் வயலும் உள்ளன. இத்தாலியத் தோட்டத்துச் சிலைகளை நினைவூட்டும் உருவங்களும், உள்ளூர்ச் சாடிகளும், வாவிக்கரையிற் படுத்திருக்கும் சிறுத்தைச் சிலையும் பாசி படிந்து, யாரோ எப்போதோ விட்டுச்சென்றவை போற் கிடக்கின்றன. அத்தோற்றம் கவனமாக ஆக்கப்பட்டது. காடு நாள்தோறும் உள்ளே வர முயலும் ஈரவலயத்திலே, ‘இயற்கையாக’ விடப்பட்டது போற் காட்சி தரும் ஒவ்வொரு மூலைக்கும் ஓயாத உழைப்பு வேண்டும். வெட்டாவிட்டால் ஒரே மழைக்காலத்திற் காட்சி மூடிவிடும். நாம் சென்ற வேளையிலும் ஈர்க்குமாற்றால் இலை கூட்டும் ஓசை எங்கோ கேட்டுக்கொண்டேயிருந்தது; கூட்டியவரைக் காணவில்லை.

பாவா தோட்டத்திற் பல இடங்களில் இருக்கைகளை அமைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஒவ்வொரு மணியைத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு மணிக்கும் வேறு நாதம். மணியோசையைக் கேட்டே எந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பணியாளர் அறிந்து, தேநீரோ பானமோ கொண்டு செல்வர். பார்வையாளர் இக்கதையை மிக விரும்பிக் கேட்கின்றனர். நானும் விரும்பினேன். மணியின் நாதங்களைப் பிரித்தறியும் செவியும் ஒரு கலைதானே என்ற எண்ணம் பின்னரே வந்தது. அக்கலைஞரின் பெயர்களைத் தோட்டத்தின் வரலாறு தாங்கவில்லை. மலையகத்துத் தோட்டத்தில் தப்பும் கொம்பும் பிரட்டுக்கு அழைத்தன. இங்கு மணி அழைத்தது.

பாவாவின் தமையனார் பெவிஸ் பாவா (1909–1992) அளுத்கமவுக்கு அண்மையில் 1929இலேயே ‘பிரீவ்’ என்னும் தோட்டத்தை உருவாக்கத் தொடங்கியிருந்தார். வழக்கறிஞரான தந்தையார் வழக்கு ஒன்றில் ஈட்டிய பணத்தால் அந்நிலத்தை வாங்கியமையால் அப்பெயர் வந்தது என்பர். அதுவும் இறப்பர் நிலமே. லுணுகங்கவிலும் அடர்ந்தது, மறைவிடங்கள் மிக்கது, நகைச்சுவை உடையது. அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் பிரெண்ட் சில நாள் விருந்தினராக வந்து ஐந்தாண்டுக்கு மேல் தங்கிய இடம் அது. இரு தோட்டங்களையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் கலைநயத்தையே ஒப்பிடுகின்றனர். பெவிஸ் தம் நிலத்தின் பெரும்பகுதியைத் தம்மிடம் வேலைசெய்தோர்க்கே விட்டுச் சென்றார் என்று கூறப்படுவது அவ்வொப்பீடுகளில் ஓரத்துச் செய்தியாகவே இடம்பெறுகின்றது. 1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தபோதும், நிலம் பெற்றோருள் தோட்டத் தொழிலாளர் மிகச் சிலரே என்பதை எண்ணுமிடத்து, பிரீவ் பற்றிய செய்தியே எனக்கு அத்தோட்டத்தின் எந்தச் சிலையிலும் பெரிதாய்ப் படுகின்றது.

லுணுகங்கவிற் கற்ற பாடங்களைப் பாவா நாடு முழுவதும் எடுத்துச் சென்றார். கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடத்தை நீர்சூழ்ந்த தீவாக அமைத்ததிலும், பல்கலைக்கழகத்தார்க்கு இன்னும் நெருங்கியதான மாத்தறை ருகுணுப் பல்கலைக்கழகத்தை 1980களிற் குன்றுகளின் மீது பரப்பியதிலும் இத்தோட்டத்தின் கை தெரிகின்றது. அங்கு விரிவுரை மண்டபத்திலிருந்து மற்றொன்றுக்கு நடக்கும் மாணவனுக்கு ஒரு கணம் கடல் தெரியும், மறுகணம் மறையும். ஒரு செல்வர் தம் ஓய்வு நாட்களுக்காகக் கண்டறிந்த இன்பம் ஆயிரக்கணக்கான ஏழை மாணவர்க்கு அன்றாட உரிமையாயிற்று. லுணுகங்கவுக்கு எதிராகக் கூறப்படும் எதனையும் இதற்கெதிரே வைத்தே நிறுத்தல் வேண்டும். பேராதனையின் வளாகமும் ஒரு காலத்திற் தோட்ட நிலமே என்பதை அங்குக் கற்றோர் அறிவர். அதன் மரநிழலில் அமர்ந்து நிலமானியம் பற்றி வாதித்த நம்மவர் பலர், தாம் அமர்ந்திருந்த மண்ணைப் பற்றி வாதித்ததில்லை.

1998இல் நோயுற்றுப் பேச்சிழந்த பாவா, 2003 மே மாதம் காலமானார். அவரது உடல் கறுவாக் குன்றிலேயே தகனஞ் செய்யப்பட்டது. மகிழமும் சாடியும் நிற்கும் இடத்தருகே அடையாளம் ஏதும் பெரிதாக இல்லை. அண்மைக் காலத்தில், கொழும்பிலே அவர் 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் எனா த சில்வாவுக்காகக் கட்டிய வீடு இடிபடும் நிலை வந்தபோது, அதனைக் கல்லும் மரமுமாகக் கழற்றி எண்ணிட்டு இங்கு கொணர்ந்து மீண்டும் பொருத்தியுள்ளனர். ஒரு வீட்டையே இவ்வளவு பொறுமையுடன் காப்பாற்றும் ஆற்றல் நம்மிடம் உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. மலையகத்தின் பழைய லயங்களில் ஒன்றையேனும் இவ்வாறு காத்து, அதற்கும் ஒரு வழிகாட்டியை அமர்த்தினால் என்ன என்று உடன் வந்த விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். அந்த லயங்களில் இன்னமும் மக்கள் வாழ்கின்றனர் என்று அட்டன் மாணவர் மெதுவாகச் சொன்னார்.

பார்வை முடிந்ததும் வாகனம் நின்ற இடத்துக்குச் செல்லும் வழியிலே அந்தப் பொதுப்பாதையில் இறங்கி நடந்தோம். விறகுக் கட்டுடன் ஒரு முதியவர் எதிரே வந்தார். சைக்கிளிற் பாடசாலைச் சிறுவர் இருவர் சென்றனர். இருபுறமும் மண்ணும் சுவரும் பன்னமும். நிமிர்ந்து பார்த்தோம். வீடு தெரியவில்லை, சாடி தெரியவில்லை, வாவியும் தெரியவில்லை. மேலே, யாரோ வெட்டிச் சீராக்கிய புல்லின் விளிம்பு மட்டும் தெரிந்தது.